பள்ளத்து விளிம்பில் போட வேண்டிய கையெழுத்து

ஆறடி, ஏழடிப் பள்ளத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இருபதடி தோண்டினால் தெருவே வந்து எட்டிப் பார்க்கும். காண்ட்ராக்டர் யாரும் சொல்லாமலே மண்ணைத் தடுக்கிற இரும்புத் தகடுகளை, அதாவது ஷீட் பைல், அடிப்பார், அதிகாரிகள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஏழடி என்றால் ஒரு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம்தானே கூட, கையைத் தூக்கினால் மேலே நிற்பவர் இழுத்துவிடுவார் என்று தோன்றும். பதினாறு வருஷமாகக் குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடைக் குழாயும் பதிக்கிற வேலையில் இருக்கிறேன். என் கண்ணெதிரே ஆளை விழுங்கப் பார்த்தவை எல்லாம் இந்த ஆள் உயரப் பள்ளங்கள்தான்.

காவிரிக் கரையை ஒட்டிய ஒரு சின்ன நகரம். பாதாள சாக்கடை வேலை. தெரு அகலம் பன்னிரண்டடி. இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே 30 மீட்டர் நீளத்துக்கு 2.1 மீட்டர் ஆழத்தில் பள்ளம். மேலே மூன்றடிக்குப் பழைய செங்கல் துண்டும் குப்பையும் கலந்த நிரப்பு மண், அதற்குக் கீழே வண்டல், அதற்கும் கீழே மணல். ஆறடியைத் தாண்டியதும் தண்ணீர் கசிந்தது. ஒரு பக்கம் வீட்டு வாசற்படிகள் இருந்ததால், ஜேசிபி அள்ளிய மண் முழுவதையும் மறுபக்கம் விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். காலை பதினொரு மணிக்கு இரண்டு பேர் உள்ளே இறங்கிக் குழாய்க்கு ஜாயிண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது. குவித்த மண்ணும் அதன் அடியில் இருந்த தரையும் சேர்ந்து ஒரே பாளமாக உள்ளே சாய்ந்தன. ஒருவர் மேன்ஹோல் பக்கம் ஓடித் தப்பினார். இன்னொருவர், ஒடிசாவிலிருந்து வந்த இருபத்தி நாலு வயதுப் பையன், நெஞ்சு வரை புதைந்தார்.

நான் அப்போது இருநூறு மீட்டர் தள்ளி, சைட் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தகரக் கொட்டகையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். என் மேஜை மேல் இருந்த ஃபைலில் அன்றைக்கான பள்ள வேலை பர்மிட், அதாவது ஆட்கள் உள்ளே இறங்கலாம் என்று அனுமதிக்கிற தாள், இருந்தது. ‘பக்கவாட்டுப் பாதுகாப்பு செய்யப்பட்டுள்ளதா?’ என்ற வரிக்கு நேரே ‘ஆம்’ என்று டிக். கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துக்கு உரிய ஆறு தாளிலும் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து அது. விபத்து நடந்தது வியாழக்கிழமை.

பையன் பிழைத்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து, பல மாதம் படுத்திருந்துவிட்டு ஊருக்குப் போனார். அவரை வெளியே எடுக்க ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷத்தில்தான் மண் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. காலேஜில் சாயில் மெக்கானிக்ஸ் படித்தவன்தான், பாஸும் பண்ணினவன்தான்.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். நன்றாக ஈரம் ஏறியிருந்தால் இரண்டு டன்னை நெருங்கும். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சரிந்தாலே ஒரு கார் மேலே விழுந்த மாதிரி. ஆனால் எடை மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. நெஞ்சைச் சுற்றி மண் இருக்கும்போது, மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுருங்குகிற அந்தச் சின்ன இடைவெளியிலும் மண் இறங்கி நிறைந்துவிடுகிறது. அடுத்த மூச்சை இழுக்க நெஞ்சு விரிய இடம் இருக்காது. தலை வெளியே இருக்கும், வாய் திறந்திருக்கும், காற்று கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஆனாலும் ஆள் மூச்சுத் திணறிச் சாகலாம். ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் இந்தியில் சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. “மூச்சை விட முடிந்தது சார், இழுக்கத்தான் முடியவில்லை.”

கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள், பையன் அலறினார். ஈர மண் காலைப் பிடித்துக்கொள்ளும். பாதம் வரை தோண்டி விடுவிக்காமல் ஆளை உருவ முடியாது. உருவினால் மூட்டு கழன்றுவிடும். ஜேசிபி ஆபரேட்டர் நல்ல எண்ணத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். எங்கள் மேஸ்திரி ஓடிப்போய் அதன் முன்னால் நின்று மறித்தார். “வண்டி வந்தா மறுபக்கமும் விழும், யாரும் கிட்ட வராதீங்க” என்று கத்தினார். சென்ட்ரிங்குக்கு வைத்திருந்த பலகைகளையும் சவுக்குக் கட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, பிறகுதான் நாலு பேரை இறக்கினார். மண்வெட்டிகூட வேண்டாம் என்று கையாலும் பாண்டுச் சட்டியாலும் அள்ள வைத்தார். அந்த மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பையனைக் காப்பாற்றியது அவர்தான். காலையிலேயே கொடுத்திருக்க வேண்டிய முட்டுகளை, ஆள் புதைந்த பிறகு பத்து நிமிஷத்தில் கொடுத்து முடித்தோம். கட்டையும் பலகையும் ஐம்பதடி தூரத்தில்தான் கிடந்தன.

மதுரை விளாங்குடியில் 2022 ஜூன் மாதம் இதேபோலக் குழாய்ப் பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மீட்புக்கு இயந்திரத்தை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

எங்கள் சைட்டில் விபத்து நடந்த அன்று சாயந்திரம் எனக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்தது. மண் சுமக்க வந்த சித்தாள் அம்மா ஒருவர் காலை எட்டு மணிக்கே விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் இருக்கிறார். “முந்தாநாளே இருந்துச்சுப்பா” என்று பதில் வந்திருக்கிறது.

அந்த விரிசல்தான் மொத்தக் கதையும். பள்ளம் தோண்டும்போது, இத்தனை காலம் பக்கத்து மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த மண்ணை நாம் எடுத்துவிடுகிறோம். ஓர மண் பள்ளத்தின் பக்கம் சாயப் பார்க்கும். சாயும்போது பின்னால் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு பெரும்பாலும் விளிம்பிலேயே வராது, பள்ளத்தின் ஆழத்தில் பாதியோ முக்காலோ தள்ளித்தான் வரும். அதனால் விளிம்பை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. மழை பெய்தால் தண்ணீர் நேராக அந்தப் பிளவுக்குள் இறங்கி, உள்ளேயிருந்து பாளத்தைத் தள்ளும். ஏழடிப் பள்ளத்தில் மூன்றடி தள்ளி விரிசல் என்றால், பாளம் கிட்டத்தட்டக் கழன்றுவிட்டது, விழுவதற்கு ஒரு லாரி அதிர்வு போதும் என்று அர்த்தம்.

“மண்ணு நிக்குது சார்” என்பது எங்கள் வேலையில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். இதைவிட ஆபத்தான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. தோண்டியவுடன் எல்லா மண்ணும் கொஞ்ச நேரம் நிற்கும். லேசான ஈரம் இருக்கிற மணல்கூட நிற்கும். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீடு நிற்பதில்லையா, அப்படி. வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் பொலபொலவென்று கொட்டும். தண்ணீர் அதிகமானாலும் கொட்டும். களிமண் இன்னும் ஏமாற்றும். காலையில் கத்தியால் வெட்டிய அல்வா மாதிரி நிற்கும், நாள் போகப் போக உள்ளிறுக்கம் தளர்ந்து, மூன்றாம் நாள் பாளமாக வரும். கரிசலில் கோடைகாலத்தில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கிறது. அதில் பள்ளம் எடுத்தால் வெட்டியெடுத்து அடுக்கிவைத்த துண்டுகளுக்கு நடுவே நிற்பது போலத்தான். எல்லாவற்றையும்விட மோசமானது நம் ஊர்த் தெரு மண். குடிநீருக்கு ஒருமுறை, டெலிபோனுக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று தோண்டித் தோண்டி மூடிய மண் அது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் மண்ணை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். ஒருமுறை தோண்டி நிரப்பிய மண்ணை, எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும், உறுதியான மண் என்ற ஏ வகையில் சேர்க்கவே கூடாது என்று அதில் இருக்கிறது. நம் நகரங்களில் தெருவுக்கு அடியில் தோண்டாத மண் எங்கே இருக்கிறது?

சரி, விதி இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. மத்திய பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதித்தொகுப்பு பல அரசு டெண்டர் புத்தகங்களில் பின்னால் அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். அதில் பள்ளத்துக்கு ஒரே ஒரு பத்திதான். 1.2 மீட்டரோ அதற்கு மேலோ ஆழம் இருந்தால் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஏணியாவது வேண்டும், ஏணி தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆழம் 1.5 மீட்டரை எட்டினால் பக்கங்களைப் படி படியாக வெட்டிச் சரிவு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மரச் சட்டம் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்குள் கொட்டக் கூடாது. மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும், அடியில் குடைந்து மேல் மண்ணை விழவைக்கும் வேலை எந்தக் காரணத்துக்கும் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3764 என்ற தொகுப்பு முழுக்க முழுக்கத் தோண்டும் வேலைப் பாதுகாப்புக்காகவே எழுதப்பட்டது, 1992-ல் திருத்தி வெளியிட்டார்கள். 1996-ல் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 1998-ல் அதற்கான மத்திய விதிகள், 2006-ல் தமிழ்நாட்டு விதிகள் வந்தன. புத்தகத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

ஒரே ஒரு குறை உண்டு, அந்த ஏணி. 30 மீட்டருக்கு ஓர் ஏணி என்றால் நடுவில் வைத்தாலும் ஒருவர் 15 மீட்டர் ஓட வேண்டும், ஒரு முனையில் வைத்தால் முப்பதும் ஓட வேண்டும். ஓடுவது குழாயும் சேறும் கிடக்கிற மூன்றடி அகலப் பள்ளத்தில். அமெரிக்க விதியில், நாலடி ஆழத்தைத் தொட்டாலே, எந்தத் தொழிலாளியும் 25 அடிக்கு மேல் நடக்காமல் ஏணியை எட்ட வேண்டும். நான் இப்போது அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறேன். இரண்டு மூங்கில் ஏணி கூடுதலாக வாங்குவது எந்தக் காண்ட்ராக்டரையும் ஏழையாக்கிவிடாது. அதே சமயம், அள்ளிய மண்ணைத் தள்ளிப் போடும் விஷயத்தில் நம் விதிதான் கண்டிப்பானது. அவர்களுக்கு இரண்டடி போதும், நமக்கு ஐந்தடி.

ஆனால் அந்த ஐந்தடியை எங்கே தேடுவது? பன்னிரண்டடித் தெரு என்றால் 3.6 மீட்டர். நடுவில் 0.9 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் எடுத்தால் இரண்டு பக்கமும் மிச்சம் இருப்பது 1.35 மீட்டர். விதிப்படி மண்ணைக் கொட்ட வேண்டுமென்றால் வீட்டுத் திண்ணையில்தான் கொட்ட வேண்டும். சரிவு கொடுக்கலாம் என்று பார்த்தால், மோசமான மண்ணுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். என்னுடைய 2.1 மீட்டர் பள்ளத்துக்கு மேல் வாய் 7.2 மீட்டர் ஆகும். தெருவைப் போல இரண்டு மடங்கு. ஆக, நம் ஊர்த் தெருக்களில் சரிவு என்ற வழியே கிடையாது. முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், அள்ளிய மண்ணை உடனுக்குடன் டிப்பரில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இதைத் தெருவைப் பார்த்த எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட் போடும் நாளிலேயே சொல்லிவிட முடியும். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் பள்ளத்துக்குள் இறங்கியவர் உடம்பால் ஈடுகட்டுகிறார்.

விளிம்பில் உள்ள பாரம் என்றால் மண் குவியல் மட்டும் இல்லை. ஊட்டி லவ்டேல் பக்கம் 2024 பிப்ரவரி 7 அன்று, வீட்டு வேலைக்காக மண் தோண்டிய இடத்தில் மேலே இருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பெண்கள் வேலை செய்தது ஆழமான சுரங்கத்தில் இல்லை, ஒரு வீட்டு மனையில். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர், மின் கம்பம், மரம், நிறுத்திவைத்த லாரி, ஓடிக்கொண்டிருக்கிற ஜெனரேட்டர், எல்லாமே பாரம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி பக்கம் ஓர் ஆழமான கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் இடிந்து இரண்டு பேர் உள்ளே போனதும் நினைவிருக்கும். அவர்கள் உடலை எடுக்கவே நாட்கள் ஆயின. மழைக்குப் பிறகு ஒரு பள்ளம் நேற்றைய பள்ளமே இல்லை.

இனி பர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சின்ன ஊர் சைட்டுகளில் “பர்மிட் இருக்கா?” என்று கேட்டால் நகராட்சி கொடுத்த ரோடு கட் அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு, இது வேறு. ரோடு கட் அனுமதி என்பது சாலைக்கு உரியவரிடம் வாங்குவது. எத்தனை மீட்டர் வெட்டுவாய், திரும்பப் போட எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளில் மூடுவாய் என்பதுதான் அதில் இருக்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநகராட்சி இந்த அனுமதியையே நிறுத்திவைக்கிறது. அது நல்ல வழக்கம். நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையிடம் தனியாக, போக்குவரத்தைத் திருப்ப வேண்டுமென்றால் போலீஸிடம் தனியாக வாங்க வேண்டும். அடியில் ஓடுகிற மின்சாரக் கேபிள், குடிநீர் மெயின், ஆப்டிக் ஃபைபர், கேஸ் குழாய் இவற்றுக்கு உரியவர்களிடம் கேட்க வேண்டும். இதற்காகவே 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று ஓர் ஆப் கொண்டுவந்திருக்கிறது. தோண்டப் போகிறவர் அதில் பதிவு செய்தால் அடியில் யாருடைய சொத்து இருக்கிறதோ அவருக்குத் தகவல் போகும். பயன்படுத்துங்கள். ஆனாலும் ஜேசிபியை வைப்பதற்கு முன் குறுக்கே ஒரு சோதனைக் குழியைக் கையால் தோண்டிப் பார்க்காமல் நான் எந்த வரைபடத்தையும் நம்புவதில்லை. மூன்றடியில் இருக்கிறது என்று எழுதிய கேபிள் ஒன்றரை அடியில் இருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இத்தனை அனுமதியிலும் உள்ளே இறங்கப்போகிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதற்கென்று இருப்பதுதான் சைட்டுக்கு உள்ளேயே நாம் நமக்குக் கொடுத்துக்கொள்கிற வேலை பர்மிட். சிங்கப்பூரில் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு இது சட்டப்படியே கட்டாயம். வேலையை நடத்தும் சூப்பர்வைசர் கேட்க வேண்டும், இன்னொருவர் இடத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டும், திட்ட மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த நம் பையன்கள் யாரைக் கேட்டாலும் ‘பிடிடபிள்யூ’ (பர்மிட் டு வொர்க்) என்று சொல்வார்கள். பள்ளத்துப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் தாள் தொங்கவில்லை என்றால் இறங்க மாட்டார்கள். நம்மிடம் பெரிய நிறுவனங்களின் சைட்டுகளில் இது இருக்கிறது. நானும் என் முதல் மூன்று வருஷத்தை அப்படி ஒரு சைட்டில்தான் கழித்தேன்.

அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் அப்பா வயது இருக்கும். ஒரு நாள் காலையில் அவசரமாகத் தாளை நீட்டி, “சார், ஒரு கையெழுத்து” என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் ஷூவைப் பார்த்தார். “ஷூவுல மண்ணே இல்லியே தம்பி. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்று எழுந்துவிட்டார். பள்ளத்து ஓரம் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். திரி மாதிரி மெல்லிசாக வந்தால் களி சேர்ந்திருக்கிறது, உடைந்து உதிர்ந்தால் மணல். புதிதாக அள்ளிய கட்டியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு விளிம்பிலிருந்து பத்தடி பின்னால் நடந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக முன்னால் வந்தார். எதைத் தேடினார் என்று அன்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. அவர் விரிசலைத் தேடியிருக்கிறார்.

அவரிடம் கற்றதைத்தான் காவிரிக் கரை சைட்டில் நான் மறந்தேன். பர்மிட் என்ற தாளை அங்கே கொண்டுவந்ததே நான். முதல் மாதம் தினமும் பள்ளத்துக்குப் போய்ப் போட்டேன். அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து போட்டேன். அப்புறம் வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே நாளில் போட்டேன். தாள் எப்போதும் முழுமையாக இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் ஃபைலைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அதனால் இப்போது எனக்கு ஒரே விதி. பர்மிட் புத்தகம் ஆபீஸில் இருக்கக் கூடாது. பள்ளத்துப் பக்கத்தில் ஒரு பெட்டியில் பூட்டி இருக்கும், சாவி என்னிடமும் மேஸ்திரியிடமும். கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அங்கே நடந்துபோயே ஆக வேண்டும். ஒரு தாள் ஒரு ஷிஃப்ட்டுக்குத்தான், சாயந்திரத்தோடு செத்துவிடும். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும், மழை தூறினால் தாள் ரத்து, எல்லோரும் மேலே. தண்ணீர் ஊறினாலும் பக்கத்தில் கனரக வண்டி வந்தாலும் அதேதான். பழைய சாக்கடையோ பெட்ரோல் பங்கோ பக்கத்தில் இருந்தால் கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இறங்குவதில்லை. நாலடிப் பள்ளத்திலும் விஷவாயு தேங்கும். முட்டுகளை மேலிருந்து கீழாகக் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும், எடுக்கும்போது கீழிருந்து மேலாக, மண்ணை நிரப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். முட்டு எடுக்கிற நேரத்தில் ஆட்கள் அசட்டையாக இருப்பார்கள், வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு. நான் அந்த நேரத்தில் கட்டாயம் அங்கே நிற்பேன்.

இன்னொன்று, மொழி. எங்கள் சைட்டில் பள்ளத்துக்குள் இறங்குபவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். மீதிப் பேர் தமிழ். தாளோ இங்கிலீஷில். யார் உயிருக்காகத் தாள் எழுதப்பட்டதோ அவருக்கு அது என்ன சொல்கிறது என்றே தெரியாது. இப்போது தாளைத் தமிழிலும் இந்தியிலும் அடித்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு போர்டு: பச்சைப் பக்கம் திருப்பியிருந்தால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. பச்சைக்குத் திருப்புகிற உரிமை கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும். ஆனால் சிவப்பாக மாற்றுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு, மண் சுமக்கிற சித்தாளுக்கும் உண்டு. அந்த அம்மா பார்த்த விரிசலுக்கு அன்றைக்கு இந்த உரிமை இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

ராத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். நான்கு கம்பு நட்டு ரிப்பன் கட்டுவது தடுப்பு ஆகாது. சாய்ந்தால் தாங்குகிற தகரத் தடுப்பும் விளக்கும் ஒரு வாட்ச்மேனும் வேண்டும். முடிந்தவரை அன்று தோண்டியதை அன்றே மூடுகிற அளவுக்கு மட்டும் தோண்டுங்கள்.

இவ்வளவும் பணத்தில் வந்து முட்டுகிறது. மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் பள்ளத்துக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பது தனி ஐட்டம், சதுர மீட்டர் கணக்கில் அளந்து எம் புக்கில் (அளவுகளைப் பதியும் புத்தகம்) ஏற்றிப் பணம் தருவார்கள். ஆனால் நான் பார்த்த பல எஸ்டிமேட்டுகளில் மண் தோண்டும் ஐட்டத்தின் கடைசியிலேயே ‘தேவைப்படும் இடங்களில் முட்டுக் கொடுத்தல், நீர் இறைத்தல் உட்பட’ என்று ஒரு வால் இருக்கும். ஒரே விலைக்குள் எல்லாம் அடக்கம். நேர்மையாக முட்டுக்குக் காசு சேர்த்து டெண்டர் போடுபவர் தோற்பார், ‘மண்ணு நிக்கும்’ என்று நம்பிப் போடுபவர் ஜெயிப்பார். வேலை ஆரம்பிக்கும் முன்பே முட்டுக்கான பணம் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு சைட் இன்ஜினியர் எவ்வளவு கத்தினாலும் பலகை வராது. தனி ஐட்டமாக இருந்தால் காண்ட்ராக்டரே வந்து “சார், இன்னும் பத்து மீட்டருக்கு முட்டுக் கொடுக்கலாமா?” என்று கேட்பார். அளந்தால்தான் பணம் என்பதால் அதிகாரியும் பள்ளத்துக்கு வந்து எண்ணுவார்.

போன மாதம் ஒரு பாதாள சாக்கடை டெண்டரின் ப்ரீ பிட் கூட்டத்துக்கு, அதாவது விலை போடுவதற்கு முன் நடக்கிற கூட்டத்துக்கு, போயிருந்தேன். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள எல்லாப் பள்ளத்துக்கும் முட்டுக் கொடுப்பதைத் தனி ஐட்டமாகப் பிரிக்க வேண்டும், பதினைந்தடிக்குக் குறைவான தெருக்களில் மண்ணை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். தெரு வாரியாக அகலம், ஆழம், மண் வகை எல்லாம் போட்டு நாலு பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.